ஆளுக்கொரு சிலிண்டர்

பழவேற்காட்டில் நான் ஒர்க் ஷாப் திறந்தபோது ஊரில் சொல்லிக்கொள்ளும்படி வண்டிகளே கிடையாது. இந்த விஷயம், கொட்டகை போட்டு, கீற்று வேய்ந்து, போர்டு எழுதி மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுபதுகளின் கடைசி அது. மெட்ராசில் ஒரு ஸ்கூட்டர் ஒர்க் ஷாப்பில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு, டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் என்னைக் கேட்காமல் உலகத்தில் ஒரு பிஸ்டனும் அசையாது என்ற நினைப்போடு ஊர் திரும்பியிருந்தேன். ஊரில் இருந்தவை சைக்கிள்கள், மாட்டு வண்டிகள், பொன்னேரி பஸ், அப்புறம் கரை முழுக்கப் படகுகள். பஸ்ஸை யாரும் என்னை நம்பி ஒப்படைக்கப் போவதில்லை. படகுகள் காற்றில் ஓடின. காற்றுக்குக் கார்பன் பிடிக்காது.

'எல்லா வகை டூ ஸ்ட்ரோக் வாகனங்களும் பழுது பார்க்கப்படும்' என்று போர்டில் எழுதியிருந்தேன். ஆரம்பத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள். மீதிப் பேர் நிழலுக்கு ஒதுங்கியவர்கள். நிழலுக்கு வந்தவர்கள் போர்டை வாய்விட்டுப் படித்துவிட்டு, "டூ ஸ்ட்ரோக்குன்னா இன்னா பாய்?" என்று கேட்பார்கள். நான் விளக்குவேன். விளக்கி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிடும், அவர்களும் போய்விடுவார்கள்.

என் மாமனாருக்கு மெட்ராசில் லுங்கிக் கடை. வெள்ளை லுங்கி, வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி என்று அவரே தன் கடையின் விளம்பரம் மாதிரி இருப்பார். கடையிலும் வெள்ளை, இளநீலம், இளம்பச்சைக் கட்டம், இவ்வளவுதான். அடர்ந்த நிறம் எதையும் உள்ளே விடமாட்டார். "கறைய மறைக்கிறவன்தான் அழுத்தக் கலர் தேடுவான். அந்த ஆளு நம்ம கடைக்கு வேணாம்" என்பார். அப்படிப்பட்டவருக்கு மாப்பிள்ளையாக நான் எப்படி வாய்த்தேன் என்றால், தரகர் என்னை 'என்ஜின் லைன்' என்று சொல்லியிருந்தார். கப்பல் என்ஜினாக்கும் என்று மாமனார் நினைத்துக்கொண்டார். கல்யாண விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்தபோதுதான் என் நகக்கண்களைப் பார்த்தார். அதன் பிறகு அவர் பிரியாணியைச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

காற்றடிக்கிற மாப்பிள்ளையைப் பற்றிய சேதி பொன்னேரி பஸ்ஸில் ஏறி அவர் கடைக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. அடுத்த தடவை நாங்கள் மெட்ராஸ் போனபோது நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் நான் வந்து பாக்குறேன் மாப்ளே. தொழில்னு ஒன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா அங்கேயே இருங்க. தெரியலன்னா கடைக்கு வந்துருங்க. லுங்கி மடிக்க ஆள் வேணும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் என் மனைவியிடம் வீராப்பாக நாலு வார்த்தை பேசினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு மெட்ராஸ் பிடிக்கும். வாப்பா வீட்டு மாடியில குடி இருக்கத்தான் பிடிக்காது. மதினி எனக்கு டீ கொடுக்கும்போது சீனி போதுமான்னு கேப்பாங்க. அவங்க கேக்குற விதத்துல தொண்டையில எறங்காது. ரெண்டு நாளைக்கு வர்றப்பவே அப்படி. அங்கேயே இருந்தா எப்படின்னு யோசிச்சுப் பாருங்க."

அதுவரை எனக்கு இருந்தது ரோஷம்தான். அவள் சொன்ன பிறகு பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஆள் வந்தது அந்தச் சமயத்தில்தான். அந்தக் குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்து இருக்கிறது. அப்போது பாலம் கிடையாது. படகில் துறையைத் தாண்டி, அப்புறம் கால் புதையும் மணலில் நடக்க வேண்டும். வந்தவர் பெரிய படகும் பெரிய வலையும் வைத்திருந்தவர். குரலும் அதற்கேற்ற சைஸ்.

"ஒரு ஜீப்பு கீது பாய். டூ ஸ்ட்ரோக்குன்னு சொன்னானுங்க. ஒன் போர்டுலயும் அதான் கீது."

என் போர்டை ஒருவர் படித்துவிட்டு வேலையோடு வந்தது அதுதான் முதல் தடவை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஜீப் ஏதோ வெளிநாட்டுப் பட்டாளம் கழித்துப்போட்டது. எறா ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்று, மணலில் ஓடும் வண்டி என்று யாரோ தலையில் கட்டியதை வாங்கி, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு ஏற்றிக்கொண்டு வந்து குப்பத்தில் இறக்கியது. குப்பத்தில் பிடித்த எறாவைக் கெடுவதற்குள் துறைக்குக் கொண்டு சேர்ப்பது திட்டம். திட்டம் ஒரு பருவம் ஓடியது. பிறகு வண்டி நின்றது, கம்பெனிக்காரர்களும் நின்றார்கள். சவுக்கு மரங்களுக்கடியில் விடப்பட்ட வண்டியில் கோழிகள் முட்டையிட ஆரம்பித்தன. என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தால் குப்பத்துக்குக் கிடைத்த உருப்படியான பலன் அந்த முட்டைகள்தான்.

கோழிகளிடமிருந்து வண்டியை மீட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் இந்தப் படகுக்காரர். இன்னொருவர் பழவேற்காட்டிலிருந்து ஐஸ் பாளங்களைக் கொண்டுபோய்க் குப்பத்தில் விற்கிற ஐஸ்காரர். உலகத்தில் உள்ள எதையும், இப்போது உருகிவிடும் என்கிற கவலையோடு பார்க்கிற மனிதர். மூன்றாவது, கருவாடு வியாபாரம் செய்கிற ஒரு அக்கா. தினம் தலையில் கூடையோடு மணலில் துறைவரை நடப்பவர். முட்டி தேய்ந்துபோய், நடக்கும்போது தானே தன் முட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வருவார். மூவரும் கூட்டுச் சேர்ந்து ஜீப்பைக் கம்பெனியிடமிருந்து வாங்கியிருந்தார்கள்.

கூட்டு என்றால் எங்கள் ஏரியில் அதற்கு ஒரு முறை உண்டு. பாடு என்று பெயர். ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களை எல்லாரும் ஒரே நாளில் போய் அடித்துக்கொள்ளக் கூடாது என்று, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று வைத்திருப்பார்கள். உன் பாட்டு நாளில் விழுவது உனக்கு. ஒன்றும் விழாவிட்டாலும் அது உனக்குத்தான். மீனுக்கு இது அருமையான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். அதைக் கொண்டுபோய் ஜீப்பில் வைத்தார்கள். இன்றைக்கு ஐஸ்காரர் ஓட்டுவார், நாளைக்குப் படகுக்காரர், அதற்கடுத்த நாள் அக்கா. அதுவரைகூடப் பாதகமில்லை.

நான் போய் பானெட்டைத் திறந்தேன். மூன்று சிலிண்டர். மூன்றுக்கும் மூன்று பிளக். அதற்குப் பக்கத்தில், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில், டம்ளர் அளவு உருளை, அதுவும் மூன்று, வரிசையாக. சாதாரண வண்டிகளில் எல்லா சிலிண்டருக்கும் ஒரே காயில்தான் இருக்கும். இதில் தனித்தனி. மூன்று பேரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"மூணு கீது" என்றார் படகுக்காரர்.

"நாமளும் மூணு பேரு" என்றார் ஐஸ்காரர்.

உடனே சீட்டுப் போட்டார்கள். ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டர் ஐஸ்காரருக்கு, நடுச் சிலிண்டர் அக்காவுக்கு, கடைசி படகுக்காரருக்கு. அவரவர் சிலிண்டர், அவரவர் பிளக், அவரவர் காயில். அவரவர் செலவு. இது ஒரே என்ஜின், ஒரே தண்டு, ஒன்று படுத்தால் மூன்றும் தவிக்கும் என்று நான் சொன்னேன். மூவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரே ஏரிதானே, அதைப் பங்கு போடவில்லையா என்ற தோரணை அந்தத் தலையாட்டலில் இருந்தது.

பிஸ்டன் வளையங்கள் உப்பில் இறுகியிருந்தன. சைலன்சரில் கார்பனோடு கோழி இறகும் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுரண்டி, தேய்த்து, மெட்ராசுக்கு ஆள் அனுப்பி சீல் வரவழைத்து, தினம் பையைத் தூக்கிக்கொண்டு துறை தாண்டிப் போய் வந்தேன். வேலை செய்யும்போது மூவரும் பக்கத்தில் நிற்பார்கள். அவரவர் சிலிண்டரில் நான் கை வைக்கும்போது மட்டும் ஒருவர் முன்னால் வருவார். "அவனுதுல அவ்ளோ நேரம் தேச்சியே, என்னுத சட்டுனு முடிச்சிட்ட?" என்று ஐஸ்காரர் கேட்பார். அக்கா தன்னுடைய காயிலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அடுத்த நாள் பார்த்தால் மற்ற இரண்டுக்கும் அதைவிடப் பெரிய பொட்டு.

என்ஜின் முதல் தடவை பிடித்தபோது மூன்று சிலிண்டரும் சேர்ந்து போட்ட சத்தத்தைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை என்று வீட்டுக்கு வந்து சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன். உண்மையில் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மாமனார் வரட்டும், துறையிலிருந்து குப்பம்வரை இந்த வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். வண்டி ஓடினால் நான் மெக்கானிக். ஓடாவிட்டால் லுங்கி மடிக்கிறவன். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெய் தனியாக ஊற்றுவதில்லை. பெட்ரோலோடு அளவாகக் கலந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். கூடினால் புகை. 'அளவாக' என்று நான் சொன்ன வார்த்தையை மூவரும் மூன்று விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்காரர் எண்ணெயைக் காது மருந்து மாதிரி விடுவார். படகுக்காரருக்கு எண்ணெய் என்றால் படகின் அடிப்பலகைக்குப் பூசுகிற எண்ணெய்தான் ஞாபகம். நிறையப் பூசினால் நிறைய நாள் வரும். அவருடைய பாட்டு நாளில் குப்பத்திலிருந்து எழும் புகையைப் பசியாவரம் தீவிலிருந்து பார்த்துவிட்டு, கூரை பற்றிக்கொண்டதா என்று ஒரு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அக்கா மட்டும் நான் கொடுத்த அளவு டப்பாவை வைத்திருந்தார். எண்ணெயைக் கலக்க அல்ல, மிளகாய்த்தூள் போட்டு வைக்க. எண்ணெயைக் கண்ணளவாக ஊற்றுவார். கருவாட்டுக்கு உப்பு போடுகிற கண் அது, தப்பாது என்பார். சொல்லக்கூடாதுதான், ஆனால் தப்பவில்லை.

சாயங்காலம் வண்டியைக் கழுவுகிற பொறுப்பில் மட்டும் மூவருக்கும் ஒற்றுமை. வலையைக் கழுவுவது போல, ஏரித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு என்ஜின்மேல் அடிப்பார்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று நான் கெஞ்சியதற்கு, "நல்ல தண்ணி குடிக்கவே இல்ல, ஜீப்புக்கு எங்க போவ?" என்று பதில்.

நோன்பு பிறந்து சில நாட்களில், ஐஸ்காரருடைய பாட்டில், துறைக்குப் பக்கத்து மணலில் வண்டி 'கிரீச்' என்று கத்திவிட்டு நின்றது. நடுச் சிலிண்டரில் பிஸ்டன் ஜாம். அக்காவின் சிலிண்டர். அங்கேயே நாலு கழி நட்டு, ஓலைத் தடுக்கு போட்டு, வெறும் வயிற்றோடு பிரித்தேன். டாங்கியிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கிற வேலைதான் சங்கடம். நோன்பு நேரத்தில் பெட்ரோலும் ஒரு ஆகாரம்தானா என்று நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. படகுக்காரர் குழாயை வாங்கி எனக்காக உறிஞ்சிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் துப்பிவிட்டு, "நீ சும்மா இரு பாய், ஒன் நோன்பு என் கையில கீது" என்பார். அந்த மனிதர் மீது எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான். பிஸ்டனை எமரித்தாளால் தேய்த்து, வளையம் மாற்றி, பெருநாளுக்கு முந்தின வாரம் வண்டியை ஓட வைத்துவிட்டேன். மூன்று சிலிண்டரும் சுத்தமாகப் பேசின. மாமனார் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

என்ஜினைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகிவிட்டது. அதனால்தான் மனிதர்கள் ஆரம்பித்தார்கள்.

ஐஸ்காரர் எண்ணெயை மிச்சம் பிடித்ததால்தான் தன் சிலிண்டர் கெட்டது, அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அக்கா ஊர்க் கூட்டத்தில் பிராது வைத்தார். சவுக்குத் தோப்பில் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐஸ்காரர் எழுந்து நின்றார்.

"அதே எண்ணெதான் மூணுக்கும் போச்சு. என்னுது ஏன் ஒட்டல? அவனுது ஏன் ஒட்டல? என் காயில நான் தெனம் தொடைக்கிறேன். அவங்க தொடைக்கல."

நியாயமான கேள்வி என்று கூட்டம் முணுமுணுத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சூடு, நடுவில் இருப்பது சீக்கிரம் காயும், எண்ணெய் குறைந்தால் முதலில் மாட்டுவது அதுதான் என்றேன்.

"நடு வந்தது சீட்டுல வந்தது. அது அவங்க அதிர்ஷ்டம்" என்றார் ஐஸ்காரர்.

பெரியவர்கள் கூடிப் பேசி, ஐஸ்காரர் மேல்தான் தப்பு, கூட்டத்தில் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அபராதம்கூட இல்லை, ஒரே ஒரு வார்த்தை. ஐஸ்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகத் துறைப்பக்கம் போனார். பானெட்டைத் திறந்து, தன் காயிலைக் கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சேதி தெரிந்ததும் படகுக்காரரும் போனார். "அவன் காயில் உழைக்காத வண்டிக்கு என் காயில் மட்டும் எதுக்கு உழைக்கணும்?" என்று தன்னுடையதையும் கழற்றிக்கொண்டார். பெருநாளைக்கு முந்தின நாள் இது நடந்தது. அக்கா தன் காயிலைத் தொடவில்லை.

"என்னுது வண்டியிலயே இருக்கும் பாய். வண்டிக்குன்னு பொட்டு வெச்சது" என்றார்.

இவ்வளவு வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. பிஸ்டன் ஒட்டினால் தேய்த்து விடலாம். மனுஷன் முறுக்கிக்கொண்டால் எந்த எமரித்தாளும் உதவாது. வெளிநாட்டுக் காயில், மாற்று வேண்டுமென்றால் மெட்ராசில்கூடத் தேட வேண்டும். பெருநாளும் கழிந்து, மாமனார் வருகிற நாளும் வந்துவிட்டது.

அன்று காலை முதல் படகில் குப்பத்துக்குப் போய், வீடு வீடாகக் கெஞ்சினேன். ஐஸ்காரர் காயிலை, ஐஸ் பெட்டியின் மரத்தூளுக்குள் பத்திரமாகப் புதைத்து வைத்திருந்தார்.

"தர மாட்டேன் பாய். ஒனக்காகத் தந்தாலும் கூட்டத்துக்குப் பயந்து தந்தான்னுதான் பேசுவாங்க."

படகுக்காரர் காயிலைச் சாமி மாடத்தில் வைத்திருந்தார். "அவன் தரட்டும். அடுத்த நிமிசம் நான் தரேன்" என்றார். பிறகு, "வண்டி ஓடலன்னா ஒனக்கு இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"மெட்ராஸ் போயிடுவேன். லுங்கி மடிக்க."

அவர் மாடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் துறைக்குத் திரும்பினேன். கோபத்தில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

பஸ்ஸிலிருந்து நேராகப் படகேறிய மாமனார், ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறையில் இறங்கினார். வெள்ளை வெளேரென்று இருந்தார். அக்காவின் பாட்டு நாள் அது. அவர் கூடையோடு வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாமனாரை முன் சீட்டில் ஏற்றி, நான் ஸ்டார்ட் செய்தேன். நடுச் சிலிண்டர் மட்டும் பிடித்தது. வண்டி ஜன்னி கண்டது போல் ஆடியது. கியர் போட்டு கிளட்சை விட்டால் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட். மறுபடி ஆட்டம்.

"மாப்ளே, இது ஓடுறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஆடுமா?"

"கொஞ்சம் சூடாகணும் மாமா."

இதைவிடக் கேவலமான சப்பைக்கட்டு ஒன்றை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. மாமனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்தார். லுங்கியை எப்படி நாலாக மடிப்பது என்று நான் மனதுக்குள் பழக ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். படகுக்காரரும் அவர் படகில் போகிறவர்களும். வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. வண்டியின் பின்னால் வரிசையாகத் தோள் கொடுத்து நின்றார்கள். கடைசியாக, யாரையும் பார்க்காமல், ஐஸ்காரர் வந்து அடுத்த மூலையில் கை வைத்தார். அவரும் படகுக்காரரும் முகத்தை வெவ்வேறு திசையில் வைத்துக்கொண்டார்கள். படகைக் கடலில் தள்ளும்போது போடுகிற அதே சத்தத்தைப் போட்டுத் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. நடுச் சிலிண்டர் முடிந்த மட்டும் இருமியது. எரியாமல் போன இரண்டு சிலிண்டரின் பெட்ரோலும் எண்ணெயும் சைலன்சர் வழியாகக் கருப்பாகப் பீய்ச்சி, நேராக ஐஸ்காரரின் நெஞ்சில் விழுந்தது. சேர்ந்திருந்த எண்ணெய் முழுக்க அவருக்கே கிடைத்தது. அவர் நகரவில்லை. ஈர மணலோரமாகக் குப்பம்வரை தள்ளிக்கொண்டே வந்தார்கள். மாமனார் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டார்.

குப்பத்தில் அக்கா வீட்டு வாசலில் டீ. மாமனார் முழுக் கதையையும் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டு முடித்துவிட்டு, நெஞ்செல்லாம் கருப்பாக நின்ற ஐஸ்காரரைப் பார்த்தார்.

"ஏங்க, அந்தக் காயில மாட்டுறது ஈசியா, வண்டியத் தள்ளுறது ஈசியா?"

"மாட்டுறதுதான் ஈசி பெரிய பாய். ரெண்டு ஸ்குரூ" என்றார் ஐஸ்காரர். "அது வேற விசயம்."

"இவர் மெட்ராஸ் போயிட்டா ஒங்களுக்கு என்ன?"

"அதுவும் வேற விசயம்" என்று சொல்லிவிட்டு ஐஸ்காரர் தன் நெஞ்சைத் துடைக்கத் தொடங்கினார்.

கிளம்புகிற நேரத்தில் காற்று திரும்பிவிட்டது என்று படகுக்காரர் ஆட்களோடு கடலுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான், அக்கா, ஐஸ்காரர், மாமனார். ஒற்றைச் சிலிண்டரை அணையாமல் வைத்திருக்க எனக்குத்தான் தெரியும், அதனால் ஸ்டியரிங்கில் நான் இருந்தாக வேண்டும். அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சட்டத்தை எடுத்து வைத்தார்.

"இன்னிக்கு என் பாடு. என் முட்டியும் போச்சு. நான் எறங்க மாட்டேன். வரும்போது ஒக்காந்து வந்தவங்க போம்போது தள்ளணும், பெரிய பாய். அதான் முறை."

நான் பதறிப்போய், "அக்கா, அவர் யார் தெரியுமா?" என்றேன். அதற்குள் மாமனார் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டார். ஜிப்பாவின் கையை மடித்துக்கொண்டு, ஐஸ்காரருக்குப் பக்கத்தில் போய்த் தோள் கொடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பின்னாலிருந்து ஐஸ்காரரின் குரல் மட்டும் கேட்டது. "மூச்ச இழுத்துக்கினு தள்ளு பெரிய பாய். சத்தம் போட்டினா பாரம் தெரியாது." கொஞ்ச தூரம் போனதும் என் மாமனார் சத்தம் போட்டார்.

துறையில் இறங்கிப் பார்த்தால் வெள்ளை என்று சொல்ல அவரிடம் தொப்பி மட்டும்தான் மிச்சம். படகில் வரும்போது தன் ஜிப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரவில்லை, நேராக பஸ்ஸுக்குப் போனார். என் மனைவி பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடி வந்து, வாப்பாவின் கோலத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மாமனார் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"மடிக்கிறதுக்கு நான் வேற ஆள் பாத்துக்குறேன் மாப்ளே."

பஸ் போன பிறகும் நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். அவர் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. வண்டியோ ஓடவில்லை.

காயில்கள் சில நாள் கழித்து வந்து சேர்ந்தன. ஐஸ்காரர் மனைவியும் படகுக்காரர் மனைவியும், யார் முதலில் கொடுத்தது என்ற கேள்வியே எழாதபடி, ஒரே நேரத்தில் வண்டியின் இரண்டு பக்கமும் வந்து நின்று நீட்டினார்கள். ஐஸ்காரருடைய காயிலில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது. எண்பதுகளில் கொஞ்ச காலம்வரை அந்த ஜீப் ஓடியது, அதாவது ஓடாத நாட்களைக் கழித்துவிட்டால் ஓடியது. பிறகு உப்பு அதன் தரையைத் தின்றுவிட்டது. அதற்குள் படகுகளில் மோட்டார் மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். என் போர்டுக்குக் கீழே நிழல் தேடி வருகிறவர்கள் குறைந்து, வேலையோடு வருகிறவர்கள் கூடினார்கள்.

மாமனார் வந்துபோன கையோடு பொன்னேரி பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் அவர்தான். பிரித்தால் லுங்கிகள். கருநீலம், காப்பிக்கொட்டை நிறம், கருப்பில் சிவப்புக் கட்டம். எந்தக் கிரீஸும் தெரியாத கலர்கள். என் மனைவி ஒன்றை எடுத்து, ஓரத்தைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

"இது வாப்பா கடை சரக்கு இல்லைங்க" என்றாள். "எதிர்க்கடையில போய் வாங்கியிருக்காங்க."